ட்ரெபிள் எங்கே நிற்க வேண்டும்

நவ. 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. லீவு விடுவார்கள் என்று ஷைனி ஏழு மணி வரை டிவி முன்னால். விடவில்லை. எட்டாவது 'பி'க்கு இயற்கணிதம். குடை மறுபடியும் ஸ்டாஃப் ரூமில்.

நேற்றைய பிராக்டிஸ் மனதை விட்டுப் போகவில்லை. சிட்லபாக்கம், ராஜன் அண்ணா வீட்டு மாடி. மூன்றாவது பாட்டின் நடுவே கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "டீச்சர், பேஸ் குத்துது. தகரத்தக் கீறுற மாதிரி இருக்கு." பேஸ் கிட்டார் என்னுடையது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ நேர் எதிராக இருந்தது. கம்பளிக்குள் சுற்றி வைத்த மாதிரி மந்தமாக, தெளிவே இல்லாமல். அதனால்தான் சத்தத்துக்குக் கூர்மை தரும் ட்ரெபிளை இன்னும் ஏற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

18ஆம் தேதி கேளம்பாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் குடும்ப விழா. ஒன்பது வருஷமாகக் கல்யாண மண்டபங்களில் வாசித்த எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு இதுதான் பெரிய மேடை. அதற்குள் சரி செய்ய வேண்டும்.

இப்போதைய செட்டிங் (குமிழ் கடிகார முள் கணக்கில்):
கிட்டார்: டோன் முழுக்கத் திறந்து.
ஆம்ப்: பேஸ் 12 மணி. மிட் 1. ட்ரெபிள் 3. (போன வருஷம் ட்ரெபிள் 1 தானே?)
வயர்: மாற்ற.
கம்பிகள்: மாற்ற.
கேஸ் சிலிண்டர் புக் பண்ண.

நவ. 8, புதன்

மழை விட்டு வெயில். புதுக் கம்பி மாட்டியாயிற்று. புதுக் கம்பி கணீரென்று இருக்க வேண்டும், இரண்டு வாரம் போனால்தான் அடங்கும். இது மாட்டிய நாளே அடங்கியிருக்கிறது. மட்டமான செட் போல.

ஹாலில் வாசித்துப் பார்த்தபோது ஷைனி காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். "பல்லு கூசுதும்மா."

மாலையில் மேற்குத் தாம்பரம் பிரவுசிங் சென்டர், அரை மணி. பேஸ் வாசிக்கிறவர்கள் கூடிப் பேசும் ஒரு தளம். எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் அவரவர் டோனை விவரிக்கிறார்கள். ஒருவர் தன்னுடையது பழைய தோல் செருப்பு என்கிறார். இன்னொருவர் பக்கம் பக்கமாக ஆம்ப், பிக்கப், கம்பியின் தடிமன். நானும் எழுதப் பார்த்தேன். 'உருண்டையாக, அடியில் கொஞ்சம் கரகரப்பாக.' படித்துப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. அது என் டோனா, நான் ஆசைப்படும் டோனா? அனுப்பாமல் மூடிவிட்டேன்.

மாவு புளிக்கவில்லை.

நவ. 9, வியாழன்

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை, எட்டாவது 'பி'. கடைசி பெஞ்ச் பிரசன்னா ஏதோ கேட்டான். புரியவில்லை, மறுபடி கேட்கச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. மூன்றாம் முறை கேட்டதும் வகுப்பு சிரித்தது. வாயைத் திறந்து பேசு என்று அவனைத் திட்டினேன். முன் பெஞ்ச் பெண் மெதுவாகச் சொன்னாள், அவன் கத்தித்தான் கேட்டானாம்.

மாலை. ஷைனியின் டிஜிட்டல் வாட்ச் மேஜையில், என் பக்கத்தில்தான். அவள் உள்ளேயிருந்து வந்தாள்.

"அத நிறுத்தக் கூடாதாம்மா? எவ்ளோ நேரமா கத்துது."

எது கத்துகிறது என்று கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். வாட்சை எடுத்து வலது காதில் வைத்தேன். எதுவும் இல்லை. இடது காதில் வைத்தேன். எங்கோ தூரத்தில், ஊசி முனை மாதிரி, பிப் பிப்.

மறுபடி வலது. எதுவும் இல்லை.

அவளிடம் சும்மா விளையாட்டு என்று சொன்னேன்.

நவ. 10, வெள்ளி

தூறல். டெஸ்ட் பேப்பர் 42, திருத்தியது 11.

மேடையில் நான் நிற்கும் இடம்: டிரம்ஸ் பாபுவுக்கு இடது கைப் பக்கம். அவன் அடிக்கும் பித்தளைத் தட்டு, சிம்பல், என் வலது காதிலிருந்து இரண்டரை அடி. ஒன்பது வருஷம்.

வீட்டில் டேவிட்டிடம் சொல்லவில்லை. சளியாகவும் இருக்கலாம்.

நவ. 12, ஞாயிறு

சர்ச்சிலிருந்து நேராக பிராக்டிஸ். புது வயர், புதுக் கம்பி, ட்ரெபிள் 2. ராஜன் அண்ணா இரண்டு பாட்டு வரை பொறுத்தார். பிறகு தன்மையாகத்தான் சொன்னார், அதுதான் பயமாக இருக்கிறது. "சனிக்கெழம சவுண்ட் செக் வரைக்கும் பாப்போம் டீச்சர். செட் ஆகலேன்னா பேஸ நானே கீபோர்டுல லெஃப்ட் ஹேண்ட்ல வாசிச்சுடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரு மனிதரின் இடது கை போதும் என் ஒன்பது வருஷத்துக்கு.

நவ. 13, திங்கள்

அரை நாள் லீவு. காது டாக்டர், கிழக்குத் தாம்பரம். டேவிட்டும் வந்தார் (சளி என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்). கண்ணாடி அறைக்குள் ஹெட்போன், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நடுவில் நெடுநேரம் எதுவுமே வரவில்லை. அந்தப் பெண் கருவியை நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

டாக்டர் விளக்குவதற்கு முன்பே வரைபடம் எனக்குப் புரிந்துவிட்டது. பத்து வருஷமாக போர்டில் வரைகிறேனே. கனமான சத்தங்களில் கோடு நேராக வருகிறது. மேலே, கீச்சுச் சத்தங்களுக்குப் போகப் போகக் கிணற்றுக்குள் விழுகிறது. வலது மோசம். இடது, விழ ஆரம்பித்திருக்கிறது.

"இது போனா திரும்பாதும்மா. இருக்கறதக் காப்பாத்திக்கணும்." சிம்பல் பக்கம் நிற்கக் கூடாது. வாசிக்கும்போது காதில் அடைப்பான். ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

செலையூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டேவிட், "விட்டுடேன்" என்றார். அதட்டல் இல்லை, கெஞ்சல் மாதிரி. வகுப்பில் கேட்காமல் போனால் என்ன செய்வாய் என்றார். அதைத்தான் நானும் வியாழனிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேஸ் எனக்கு யாரும் ஆசைப்பட்டுக் கொடுத்ததில்லை. சர்ச் குழுவில் எடுக்க ஆள் இல்லாமல் மூலையில் கிடந்தது, எடுத்தேன். மற்றவர்கள் அதன் மேல் நின்று பாடுவதைக் கேட்டதும் பிடித்துப்போனது. அதை டேவிட்டுக்கு எப்படிச் சொல்வது?

நவ. 14, செவ்வாய்

குழந்தைகள் தினம். லட்டு. பிரசன்னாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நவ. 16, வியாழன்

பாபுவிடம் சொல்லிவிட்டேன்.

சொல்வதாக இல்லை. பெருங்களத்தூரில் அவன் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனது, சிம்பல் ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கேட்கத்தான். ஏன் என்று கேட்டான். பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன், வாயில் வரவில்லை. வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் சொல்லி முடித்ததும் நேராகத் திருப்பிப் பிடித்தான்.

"எனுக்கும் கீது டீச்சர். ரெண்டு வருசமா. காதுல விசில் அடிச்சிகினே கீது. வூட்ல கூட சொல்லல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ஏன் சொல்லல?"

வரைபடத்தை மடித்து என் பையில் வைத்தேன்.

ஷெட்டைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அவனே என்னோடு சிட்லபாக்கம் வந்தான். அண்ணா வீட்டில் இல்லை, அவர் மனைவி மாடியைத் திறந்துவிட்டார். நான் வாசிக்க, அவன் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டான். ட்ரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். 2. 1. 12. ஒவ்வொரு தடவையும் அவன் தலையாட்டல்: இன்னும். 11. எனக்குக் கம்பியில் விரல் படும் சத்தமே போய்விட்டது. 10. இப்போது தலையணைக்குள் வாசிப்பது மாதிரி.

"அங்கதான். தொடாதீங்க."

"பாபு, இது சேறு மாதிரி இருக்கு."

"உங்களுக்கு அப்டி கீது. எனுக்கு விசில் கேட்டுகினு கீறப்பவே இது உருண்டையா கேக்குது டீச்சர். நல்லாக் கீது."

உருண்டை. அவனாகச் சொன்னான்.

நெயில் பாலிஷால் அங்கே ஒரு புள்ளி வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம். என் டோன் கிடைத்துவிட்டது. அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நவ. 18, சனி

கேளம்பாக்கம். ஏசி அரங்கம், எழுநூறு இருக்கை. வேன் வண்டலூர் தாண்டும்போதே பஞ்சு அடைப்பான் இரண்டு காதிலும். முடியைத் தளர்த்தி மறைத்துக்கொண்டேன்.

சவுண்ட் செக். ட்ரெபிள் புள்ளியில். மிக்ஸரில் இருந்த தம்பி கட்டை விரலைக் காட்டினான். ராஜன் அண்ணா திரும்பிப் பார்த்தார். தன் பேஸ் சவுண்டை கீபோர்டில் போட்டுத்தான் வைத்திருந்தார், சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்றாம் பாட்டு வரை தாங்கினேன். நாலாவதில் என் சத்தமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. கை தானாகக் குமிழுக்குப் போனது. பாபு பார்த்துவிட்டான். அடித்துக்கொண்டே தலையை இல்லை என்று ஆட்டினான். கையைத் திரும்பக் கம்பிக்குக் கொண்டு வந்தேன். அதற்குள் ஒரு பார், நாலு தட்டு, தவறிப் போயிருந்தது.

பிறகு கேட்கப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கிட்டாரின் மேல் கொம்பு மார்பெலும்பில் அதிருவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். கீழ் ஸ்தாயி அங்கே முழுசாக இருந்தது. பதினாறு பாட்டு. கடைசி வரை அண்ணாவின் இடது கை பேஸுக்கு வரவில்லை.

நவ. 19, ஞாயிறு

நல்ல மழை. பிராக்டிஸ் இல்லை. அண்ணா போன் செய்தார். பேஸ் இப்படி இருந்து எத்தனை வருஷமாயிற்று, என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். கம்பி என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார்.

"எனக்குக் கேக்கறது கொறஞ்சுபோச்சு அண்ணா. பாபு கேட்டு வச்சுக் குடுத்தது அது."

அடுத்த வாரத்திலிருந்து நான் கீபோர்ட் பக்கம் நின்றுகொள்ள வேண்டும் என்றும், சிம்பலுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும் பாபுவையும் டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார். டிசம்பர் 9 ஆவடி கச்சேரி, மறக்க வேண்டாம் என்றார். வைத்துவிட்டார்.

ரிசீவரை வைக்கும்போதுதான் கவனித்தேன், இடது காதில் வைத்துப் பேசியிருக்கிறேன். எத்தனை நாளாக இப்படி? பேப்பர் படித்துக்கொண்டிருந்த டேவிட்டிடம் கேட்டேன்.

நிமிராமலே சொன்னார். "ஷைனி மூணாவது படிக்கும்போதே மாத்திட்ட. வலது கையில சாக்பீஸ் தூசி இருக்கும், அதான்னு நெனச்சேன்."

இப்போது அவள் ஏழாவது. நாலு வருஷம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தார்.