உங்க குரல்ல பேசுறது யாரு மதினி?

என் ஆசை மதினிக்கு,

காலையில பட்டாசுக் கம்பெனி வண்டி வர்ற நேரத்துக்கு, நீங்க கண்ண மூடின பெறகும் நம்ம சந்துல உங்க குரல் கேட்டுச்சு. பேசுறதுக்கு முன்னால லேசா இருமுவீகள்ல, அந்த இருமலோட கேட்டுச்சு. முன்னெல்லாம் "வண்டி வந்துருச்சு, வா புள்ள"ன்னு கூப்பிடுவீக. இப்ப வேற சொன்னீக. "எந்திரிச்சு என்ன செய்யப் போற? என்னையக் கொன்னு, என் உசுர வச்சுத்தான மூச்சு விடுத. படுத்தே கெட."

நானும் படுத்தே கெடந்தேன். நீங்க போன அன்னைக்குக் காய்ச்சல்னு நான் லீவு. பேக்கிங் ஷெட்ல இருந்த உங்களக் கூட்டிப்போயி, வெடிமருந்து ரூம்புல என் இடத்துல போர்மேன் உக்கார வச்சாரு. வெடிச்ச சத்தம் கேட்டு, எந்தக் கம்பெனின்னு கேட்டுக்கிட்டே எல்லாரோடயும் நானும் ஓடினேன். அதுக்கப்புறம் சோறு இறங்கல, தலை சீவல. பிள்ளைக அழுதாக்கூட யாரோ வீட்டுப் பிள்ளைக அழுகிற மாதிரி இருந்துச்சு.

அண்ணனுக்கு உங்களப் பறிகொடுத்த துக்கமே தாங்கல. ஆனாலும் அதுதான் என்னைய விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. பேய் ஓட்டவா கூட்டியாந்தன்னு அதுமேல எரிஞ்சு விழுந்தேன். அங்க கவுன்சிலிங் குடுக்குற மேடம், இது மனச்சோர்வுன்னாக. மனசுல வர்றத அப்படியே நம்பாம, நெசந்தானான்னு சோதிச்சுப் பாக்குற வைத்தியமாம். நீளமா ஒரு பேரு சொன்னாக, வாயில நுழையல.

"உங்க மதினி உயிரோட இருக்கையில ஒரு தடவையாவது படுத்துக் கெடன்னு சொல்லியிருக்காங்களா?"ன்னு கேட்டாக.

நீங்களாவது, அப்படிச் சொல்றதாவது. மஞ்சக்காமாலையில கெடந்தப்பவே என்னையத் தூக்கி உக்கார வச்சுத் தலை சீவிவிட்ட ஆளு நீங்க. அப்ப சந்துல வந்து பேசுறது யாரு? வெளிய அம்புட்டு வெயிலு, எனக்கு உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு.

குரல் படுன்னு சொன்னா எந்திரிச்சு மூஞ்சியக் கழுவிட்டு, தெருமுக்குக் கடை வரைக்கும் போயிட்டு வாங்கன்னாக. போனேன். முதல்ல காலு பின்னுச்சு. பின்னால யாரோ வர்ற மாதிரியே இருந்துச்சு, திரும்பிப் பாக்கப் பயம். நாள் போகப் போக நடக்க முடிஞ்சது, பிள்ளைகளுக்குச் சோறு பொங்க முடிஞ்சது. ஆனா குரல் விடல. "எங்கம்மா ஒன்னையப் பாத்தா மூஞ்சில காறித் துப்பும்"னு புதுசா ஒண்ணச் சொல்லுச்சு. துப்புவாங்கன்னு உக்காந்தே முடிவு பண்ணாம நேர்ல போயிப் பாக்கலாமேன்னாக மேடம்.

அதுக்காகத்தான் உங்கம்மாவ, எங்க அத்தையப் பாக்க மல்லாங்கிணறு போனேன். பட்டப்பகல்ல உங்கம்மா ஜன்னலெல்லாம் சாத்திட்டு இருட்டுல உக்காந்திருந்தாக. துப்பல. தண்ணி குடுத்தாக. என் மூஞ்சியவே பாத்துட்டு மெதுவாக் கேட்டாக.

"ஏ முத்து, ஒங்கிட்டயும் பேசுதாளா?"

ஆமான்னு தலைய ஆட்டினேன். "என்னையத்தான் வையுதா. அந்த வெடிக்காட்டுல ஏம்மா கட்டிக் குடுத்த, நீதான் கொன்னங்கா"ன்னாக. சொல்லிட்டு, நீங்க இருமுற மாதிரியே அத்தை இருமிக் காட்டினாக.

மதினி, நான்தான் கொன்னேன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, அதே வாயால அத்தைதான் கொன்னாகன்னு அங்கன போயிச் சொல்வீகளா? ஆளுக்கு ஒண்ணு பேசுற பழக்கம் உங்களுக்குக் கிடையாது. மனச்சோர்வுக்குச் சொந்தக் குரல் இல்ல, நமக்கு வேண்டியவங்க குரலத்தான் எடுத்துக்கிடும்னு மேடம் சொன்னது எனக்கு அந்த இருட்டுலதான் விளங்குச்சு. அத்தை கையப் பிடிச்சுக்கிட்டு வாய்விட்டு அழுதேன்.

நேத்துக் காலையில வண்டி வந்துச்சு, போச்சு. சந்துல ஒண்ணும் கேக்கல. நல்லதுதானன்னு எல்லாரும் சொல்றாக. எனக்குத்தான் அப்பப் பயமா இருந்துச்சு. அந்தப் பேச்சு வேண்டாம், குரல் மட்டும் போதும்னு நான் யாரு காலுல விழ?

நாளைக்கு அத்தையையும் மேடத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். "அதுவும் போயிருச்சுன்னா எம்பிள்ளைன்னு எனக்கு என்ன இருக்கும்?"னு கேட்டுட்டுத்தான் வர ஒத்துக்கிட்டாக. அந்தக் குரல் அவுகள விட்டுப் போற அன்னைக்கு நான் அங்கன இருப்பேன். நீங்க நெசமாவே பேசினது, சிரிச்சது, என்னைய வைஞ்சது அம்புட்டையும் அத்தைக்கு ஒண்ணுவிடாமச் சொல்லுவேன் மதினி.

இப்படிக்கு,
எப்பவும் உங்க நாத்தனா
முத்துமாரி