பிஸ்கட்டுக்கு வைத்த கொள்ளு

கரிக்கலாம்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராணிக்கு,

உன் வீட்டுக்காரன் அன்புராஜ் எழுதுவது. நான், தேவி, ஆடு, கோழி எல்லோரும் சுகம். நம் குதிரை பிஸ்கட்டும் சுகம்தான். முன்னங்காலில் ஒரு கட்டு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன், பயப்படாதே. அங்கே நீ பார்த்துக்கொள்கிற பெரியம்மாவுக்கு இருமல் நின்றதா? உனக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நெற்றியைச் சுருக்குவாய். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டால் போன் தேவி கையில்தான் இருக்கிறது. எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பக்கத்து வூட்டு காசம்மாள் அக்கா வேறு, "ராணியா, ராணியா" என்று ஓடி வந்து முகத்தை நீட்டிவிடும். நமக்கென்று ஒரு வார்த்தை பேச வழியில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் நீ பார்ப்பதற்கு முன்னால் உன் மகள் பார்த்துவிடுவாள். நெட்டப்பாக்கம் செல்வகுமாரி லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் என்னைத் திட்டாதே.

இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடட்டுமா, மாசக் கடைசிக்குள் சொல்லணுமாம் என்று நீ கேட்டாய். நான், "உன் இஷ்டம் ராணி" என்றேன். தேவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், காசம்மாள் அக்கா எனக்கு முந்தித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, நான் வேறென்ன சொல்ல? அது பதிலே இல்லை. என் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. நீ எதையும் கடைசியிலிருந்து படிக்கிற ஆள். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட விருந்து எங்கே என்றுதான் முதலில் தேடுவாய். இதை மட்டும் வரிசையாகப் படி, புண்ணியமாகப் போகும்.

பிஸ்கட்டைப் பற்றி இத்தனை நாளும் போனில் "நல்லாருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டேன். நல்லாயில்லை. குட்டியாக வில்லியனூரில் கல்யாணக் குதிரைக்காரரிடம் அதை வாங்கியபோது, வளர்த்து மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டேன். நீ அங்கேயிருந்து சிரித்தாய். இப்போது அதற்கு இரண்டு வயது. எலும்பு இன்னும் முற்றவில்லை, முதுகில் ஆள் ஏற்ற முடியாது, ஆனால் உடம்பு முழுக்கத் துடிப்பு. நாம் குத்தகைக்குப் பயிர் வைத்த நிலம் மனையாகி, அதே இடத்தில் என்னை வாட்ச்மேனாக உட்கார வைத்தார்களே, அங்கே விற்காத மனைகளில்தான் அது ஓடித் திரிந்தது. தீபாவளி முடிந்ததும் மனை முதலாளி சுற்றிலும் கம்பி வேலி போட்டார். ஆடு மாடு குதிரை எதுவும் உள்ளே வரக்கூடாது என்று என்னிடமே சொல்லி, என்னையே காவலுக்கு வைத்தார். என் குதிரையை நானே விரட்ட வேண்டும், பார்த்துக்கொள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை சேறு, ரோட்டில் லாரி. பிஸ்கட் வீட்டுப் பின்பக்க மாட்டுக் கொட்டகையிலேயே நின்றது. நான் மனை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அது இங்கே முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி நடக்கும். நடந்து நடந்து தரையில் வட்டமாகப் பள்ளமே விழுந்துவிட்டது. தொட்டி விளிம்பைக் கடித்தது. தண்ணீர் டிரம்மை உதைத்து நெளித்தது. பாத்ரூம் தடுப்பு ஷீட்டு ஒரு காலைப் பொழுதில் காசம்மாள் அக்கா வூட்டுத் தோட்டத்தில் போய் விழுந்தது. நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் தம்பி ராஜேஷ், மாட்டுக்குப் போடுகிற மாதிரி மூக்கணாங்கயிறு போட்டுடு அண்ணா என்றான். காசம்மாள் அக்கா திருஷ்டி என்று சொல்லிப் பூசணிக்காய் சுற்றி உடைத்தது. சத்தத்தில் மிரண்டு பிஸ்கட் இன்னொரு ஷீட்டையும் உதைத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தீனி வைத்தேன். நான் மாட்டுக்காரன் ராணி. மாடு முரண்டினால் வயிறு காய்கிறது என்று அர்த்தம். தவிடும் புண்ணாக்கும் காட்டினால் தின்றுவிட்டுப் படுத்து அசை போடும், நம் காளைகள் அப்படித்தான் அடங்கின. அதனால் பிஸ்கட் உதைத்தபோதெல்லாம் ஊறவைத்த கொள்ளு வாளியைக் கொண்டுபோய் வைத்தேன். அது மறுபடியும் உதைத்தது. பாவம், பற்றவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் கூட்டினேன். வாளியைப் பார்த்ததும் அது கனைத்தது, என் மனசும் குளிர்ந்துபோயிற்று.

போன வாரத்துக்கு முந்தின வாரம் புதன்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. முதலாளி மனை பார்க்க ஒரு குடும்பத்தைக் காரில் கூட்டி வந்திருந்தார். நான் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு நிற்கிறேன், பின்னால் குளம்புச் சத்தம். முளைக்குச்சியைப் பிடுங்கிக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு பிஸ்கட் என்னைத் தாண்டி உள்ளே போகிறது. மனை பார்க்க வந்த அம்மா கூவிக்கொண்டு காருக்குள் ஏறிவிட்டார். முதலாளி, "இன்னாய்யா பாத்துனு நிக்கிற, புடி!" என்று கத்துகிறார். நான் பிடிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. என்ன ஓட்டம்! வாலைத் தூக்கிக்கொண்டு, நாம் நாற்று நட்ட இடத்திலெல்லாம் சேற்றை வாரி அடித்துக்கொண்டு ஓடியது. அந்த நிலத்தில் இப்படி ஒரு உயிர் ஓடி எத்தனை நாளாயிற்று என்று வாய் பிளந்து நின்றேன். அதற்குள் மனைக்கல் ஒன்று முன்னங்காலைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுரணை வந்தது, ஓடினேன்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்து தையல் போட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன தீனி வைக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேலையே இல்லாமல் கட்டிப்போட்டுவிட்டுக் கொள்ளாகக் கொட்டினால் அது பாவம் என்ன செய்யும், தின்றதெல்லாம் காலுக்குத்தான் போகும், இது மாடு இல்லை, படுத்து அசை போடாது என்றார். கொள்ளை நிறுத்தச் சொன்னார். புல்லும் வைக்கோலும் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கப் போடணும், வாய்க்கு வேலை இருக்கட்டும் என்றார். தெரு தெரிகிற பக்கமாகக் கட்டி, பக்கத்தில் ஆட்டையாவது துணைக்கு விடணுமாம். சின்ன வட்டத்தில் விரட்டி ஓட வைக்கக்கூடாதாம், இளம் கால் கெட்டுப்போகும். தையல் பிடித்ததும் காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்திக் கூட்டிப்போ, வேறு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா போன பிறகு நான் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் போனில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தப் பேனாவும் பேப்பரும்.

இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். உட்கார முடியவில்லை. நிழலில் உட்கார்கிற வேலை, விட்டுடாதே என்று நீ எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். உட்கார்ந்து உட்கார்ந்துதான் நான் கெட்டுப்போனேன் ராணி. ஏர் ஓட்டிய காலமெல்லாம் படுத்தால் தூக்கம் அடித்துப் போடும். இப்போது சோறும் இருக்கிறது, மேலே காத்தாடியும் சுற்றுகிறது, தூக்கம் இல்லை. தேவியிடம் எரிந்து விழுகிறேன். ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் சோற்றைக் கூட்டி அள்ளினாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிஸ்கட் ஓடிய அன்று சாயங்காலமே முதலாளி கூப்பிட்டார். குதிரையை விற்றுவிட்டு வா, இல்லையென்றால் வராதே என்றார். ராஜேஷும் பீச்சில் சவாரிக்கு விடுகிற ஆள் ஒருவரைப் பேசி வைத்திருந்தான். நான் கேட் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே. நெட்டப்பாக்கம் புகழ்வேந்தனிடம் பேசிவிட்டேன், கரும்பு வெட்டு ஆரம்பித்ததும் அவன் டிராக்டரை ஓட்டப்போகிறேன். இடுப்பு நோகும்தான். நோகட்டும். பிஸ்கட்டைக் காலையில் இருட்டு விலகியதும் ஏரிக்கரையில் நடத்திவிட்டு வேலைக்குப் போவேன், திரும்பி வந்ததும் இன்னொரு நடை. நேற்றுத்தான் முதல்முதலாகக் கொஞ்ச தூரம் மெல்லக் கூட்டிப்போனேன். நொண்டிக்கொண்டே வந்தாலும் என்னை இடித்து இடித்து முன்னால் போகப் பார்க்கிறது. இன்னும் உதைக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று ஷீட்டு தப்பித்தது.

இப்போது பதிலுக்கு வருகிறேன். நீ அங்கே கண் விழித்துச் சம்பாதித்து, நாங்கள் ஏங்கக்கூடாது என்று பெட்டி பெட்டியாக அனுப்புகிறாய். பால் பவுடர், சென்ட், கம்பளி, தேவிக்கு ஷூ. உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த வாளியை ஆசையாகத்தான் கொண்டுபோய் வைத்தேன். போன மாசம் பெட்டி வந்ததும் தேவி பிரிக்கிற வீடியோ அனுப்பவில்லையே என்று கேட்டாயே, அவள் பிரிக்கவே இல்லை. கயிறுகூட அவிழ்க்காமல் பரண்மேல் ஏற்றிவிட்டு, "அம்மா எப்போ வருதாம்ப்பா?" என்று கேட்டாள். காலேஜ் செலவுக்குத்தான் அம்மா இருக்கிறாள் என்றேன். காலேஜுக்கு நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், அதற்கு எதற்கு அம்மா அங்கே இருக்கணும் என்று சொல்லிவிட்டு, தலை பின்ன உட்கார்ந்தாள். அவளே பின்னினால் கோணலாகத்தான் வருகிறது, நான் பின்னினால் அதைவிடக் கோணல்.

கையெழுத்துப் போடாதே ராணி. எனக்கு நீ வேணும். இத்தனை வருஷத்தில் இதை நான் உன்னிடம் சொன்னதில்லை, ஸ்பீக்கரில் இனியும் சொல்ல வராது. வீட்டுக்கு மேல்தளம் போட்டாயிற்று, தேவி வளர்ந்துவிட்டாள், மற்றதை இரண்டு பேருமாக நடந்து பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெரியம்மாவிடம் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பு. பெட்டி எதுவும் கட்டாதே, வெறுங்கையோடு வா.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
அன்புராஜ்