பாச்சை உருண்டை போட்ட பெட்ரோல்

கவரைப்பேட்டை
18.11.2007

என் பிரியமுள்ள மச்சானுக்கு ஹஸ்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் சிஃபாவும் மாமியும் நலம். மஸ்கட்டில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராதிருக்க தினமும் துஆ செய்கிறோம்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு காதையும் தீட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எதிரில் சொல்ல முடியாத சங்கதி இது. அதனால்தான் அங்கே திரும்பிப் போகும் என் அண்ணன் மொஹசின் கையில் கொடுத்தனுப்புகிறேன். கெட்ட செய்தி இல்லை, பயப்படாதீர்கள்.

தணிகாசலம் சார் வந்தார். சென்னையில் ரேஸ் கார்கள் வைத்திருப்பவர், போன லீவில் நீங்கள் பிரித்துக் கட்டிய சிவப்புக் காரை ஓட்டிப் பார்க்க வருவதாகச் சொன்னாரே, அவரேதான். அவருக்கு உங்கள் வேலை பிடித்தால் தன் வண்டிகளைக் கொடுப்பார், நீங்களும் விசாவை முடித்துக்கொண்டு வந்து இங்கேயே ஷெட் போடுவீர்கள் என்பதுதானே நம் பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் நான் இரண்டு மாதமாகச் சோறு தின்கிறேன்.

பெட்ரோல் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஒரு எழுத்துகூட மீறவில்லை. இந்த இன்ஜினில் அழுத்தம் அதிகம், ஆக்டேன் நம்பர் குறைந்த பெட்ரோல் அதைத் தாங்காமல் நேரத்துக்கு முன்னாலேயே பற்றிக்கொள்ளும், டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி தட்டும், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும் என்று எத்தனை தடவை பாடம் நடத்தினீர்கள்! நானே மெதுவாகச் சென்னைக்கு ஓட்டிப்போய், அந்தத் தொண்ணூற்றேழு நம்பர் பெட்ரோல் விற்கிற பங்கைத் தேடிப் பிடித்து, டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். லாரிக்காரர்கள் எல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்தால் ரயில்வே கேட் வரைக்கும் போய் விக்கி விக்கி நின்றுவிட்டது. மச்சான், எனக்கு உயிரே போய்விட்டது. தள்ளிக்கொண்டு வந்து டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து என் கல்யாணப் பட்டு வைத்திருக்கிற பீரோவின் வாசனை அடித்தது!

திரும்பிப் பார்த்தால் மாமி முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற நம் பக்கத்து வீட்டு ஆதிகேசவன் இருக்கிறாரே, அவர் கொடுத்த யோசனையாம். "ரெண்டு பாச்சை உருண்டை போடும்மா, பெட்ரோலு நம்பரு சும்மா கும்முனு ஏறிக்கும், நாங்கல்லாம் அப்டித்தான் ஓட்டிக்கினு இருந்தோம்" என்றாராம். அவர் சொன்னது இரண்டு. மாமி பீரோவில் இருந்த அத்தனையையும் துடைத்துப் போட்டுவிட்டார்கள். கரையாத துணுக்கெல்லாம் பில்டரில் போய் அடைத்துக்கொண்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர்கள், "எம் புள்ள ஊட்டுக்கு வந்துடணும்னுதாம்மா போட்டேன்" என்றார்கள். நான் பெட்ரோலை வடிக்க வாளி எடுக்கப் போனேன்.

டேங்க்கைக் காலி செய்துகொண்டிருக்கும்போதே தணிகாசலம் சார் வந்து இறங்கிவிட்டார். மறைக்க முடியுமா? ஊரே மணக்கிறதே. நடந்ததைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே பில்டரை மாற்றினார். பெட்ரோலுக்கு எங்கே போவது? நம் ஊர் பங்கில் இருக்கிற சாதாரணப் பெட்ரோலைத்தான் ஊற்றினோம்.

ஹைவே மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினார். நீங்கள் சொன்ன அதே சில்லறைச் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை முட்டியது. எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். "வேல சுத்தமா கீதும்மா, கையில கண்ணு வெச்சிகிறாரு. ஆனா மஸ்கட் பெட்ரோல மனசுல வெச்சிக்கினு கட்டிட்டாரு. ஓடப்போறது இங்க, பங்குல கெடைக்கிறதும் இதான்" என்றார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, பெட்ரோல் பற்றிக்கொள்கிற டைமிங்கைச் சற்றே பின்னால் திருப்பி வைத்தார். மறுபடி மேம்பாலம் ஏறினோம். இழுவை கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் சத்தம் அறவே இல்லை. அவ்வளவு பெரிய பாலத்தை வழுக்கிக்கொண்டு ஏறியது மச்சான், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பொங்கல் கழித்து இரண்டு வண்டிகளை அனுப்புகிறேன் என்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. இங்கே கிடைக்கிற பெட்ரோலுக்குத் தோதாக இன்ஜின் கட்ட வேண்டும், அதற்குக் கட்டுகிற ஆள் இங்கேயே இருந்து ஓட்டிப் பார்த்துப் பழக வேண்டுமாம். "எப்ப வர்றாரு?" என்று கேட்டார். உங்களைக் கேட்காமல் பக்ரீதுக்குள் என்று சொல்லிவிட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

அங்கே கிடைக்கிற அளவு பணம் இங்கே கிடைக்காது என்று இரவெல்லாம் யோசிப்பீர்கள், எனக்குத் தெரியும். கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். தட்டாமல் ஓடினால் போதும் எனக்கு. சிஃபா அந்தக் காரை வாப்பா வண்டி என்றுதான் சொல்கிறாள், வேறு யாரையும் டிரைவர் சீட்டில் உட்கார விடுவதில்லை. தணிகாசலம் சாரோடுகூடச் சண்டை போட்டாள்.

மாமியை ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். உருண்டையெல்லாம் போய்விட்டதே, பட்டுச் சேலைகளைப் பூச்சி அரிக்குமே, புதுசு வாங்கிவரட்டுமா என்று நேற்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். நீங்கள் வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டப் போகிறார்களாம், பீரோவில் கிடந்தால்தானே பூச்சி வரும் என்கிறார்கள். என்னுடையதையும் வெளியே எடுத்து வெயிலில் உலர்த்தியிருக்கிறேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடுங்கள் மச்சான்.

உங்கள்
ஹஸ்னா