ஜனவரிக் காய்ச்சலில் தேறியவர்கள்

மகாபலிபுரம்
25-5-1957

அன்புள்ள உப்பிலி,

இங்கே நான் நலம் என்று எழுதலாம். ஊர் நலமாக இல்லை. பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. ஏற்காட்டுக் குளிரில் பேனா மை உறைந்துவிட்டதா? செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனை இப்படி மறக்கலாமா?

சிங்கப்பூர்க் கப்பலோடு மதராஸுக்கு ஒரு காய்ச்சல் வந்து இறங்கியதைப் பேப்பரில் படித்திருப்பாய். அது இங்கேயும் வந்துவிட்டது. நாலு நாளில் குப்பத்தில் முப்பத்தொரு பேர் படுத்துவிட்டார்கள். கோடை விடுமுறைதானே என்று பள்ளிக்கூடத்தைத் திறந்து பாய் விரித்திருக்கிறோம். டாக்டர் உலகநாதன் செங்கல்பட்டிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிறார். மற்ற நாளெல்லாம் இந்தக் கம்பௌண்டர்தான் எல்லாம். கஞ்சி ஊற்றவும் உடம்பு துடைத்துவிடவும் ஆள் இல்லை. பயத்தில் யாரும் படியேற மாட்டேன் என்கிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை. ஜனவரியில் இதே குப்பத்தில் இன்புளுயன்ஸா வந்து ஏழு பேர் தேறினார்கள். அம்மை வந்து போனவனுக்கு மறுபடி வராதே, அதுபோல இவர்களுக்கும் வராது அல்லவா? அவர்களையே உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். "இருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். அவர்களில் மூன்று பேரிடம் ரத்தம் எடுத்து, இப்போது படுத்திருப்பவர்கள் தொண்டை கொப்பளித்த நீரோடு ஐஸில் வைத்து உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். சின்னப்பொண்ணு என்று ஒரு குழாயில் பெயர் இருக்கும்; மூன்று பேரில் துணிச்சல்காரி அவள்தான்.

நீ அதைப் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும்.

உன் அன்புள்ள,
திருவேங்கடம்


சேர்வராயன் ஆய்வுக்கூடம்
ஏற்காடு
29-5-1957

அன்புள்ள திருவேங்கடம்,

உன் கடிதமும் பாட்டில்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஐஸ் பாதி கரைந்திருந்தாலும் ஒன்றும் கெடவில்லை. எழுதாமல் இருந்தது என் தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. மூன்று வருஷமாகத் தற்காலிக ஊழியன். நிரந்தர உத்தரவு இதோ வருகிறது, அதோ வருகிறது என்கிறார்கள். அந்தக் கவலையில் எதுவும் ஓடவில்லை.

கொப்பளித்த நீரைக் கோழிமுட்டைகளுக்குள் செலுத்தி வைத்திருக்கிறோம். கிருமி அதில்தான் வளரும். நாலைந்து நாளில் தெரியும். அதுவரை எந்த முடிவுக்கும் வராதே. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள். நீ சரியாகச் சாப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்; சாப்பிடு.

உன்,
உப்பிலி


மகாபலிபுரம்
1-6-1957

அன்புள்ள உப்பிலி,

நாலைந்து நாள் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். இப்போது எழுபது பேர். மரக்காயர் தெருவிலும் கல்தச்சர் வீடுகளிலும் இருமல் கேட்கிறது. டாக்டர் உலகநாதனே முந்தாநாள் காய்ச்சலில் விழுந்துவிட்டார். நேற்று ஒரு கிழவர் தண்ணீர் கேட்டுக் கேட்டு, நான் அடுத்த அறையில் இருந்ததால் கிடைக்காமல், தரையில் உருண்டு வந்து வாசற்படியில் கிடந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் காத்திருக்க முடியவில்லை.

ஜனவரியில் தேறிய ஏழு பேரையும் உதவிக்குக் கூப்பிட்டுவிட்டேன். சின்னப்பொண்ணும் வருகிறேன் என்கிறாள். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவள் புருஷன் சின்னையன் சண்டைக்கே வந்துவிட்டான்.

"இன்னா கம்பௌண்டரே, வயித்துப் புள்ளையோட கீறா. அவள ஜொரக்காரங்க நடுவுல தள்றியே, நாயமா?"

"அவளுக்குத்தான் தை மாசமே வந்து போச்சே சின்னையா. ஒருதரம் வந்தா மறுபடி வராது."

"நீ கண்ணால பாத்தியா? கையடிச்சுச் சொல்லு, பாக்கலாம்."

கையடித்துச் சொன்னேன், உப்பிலி.  "நான் போய்க்கினு வரேன், நீ வலையப் பாரு" என்று அவள் அவனைச் சிரித்தபடி அனுப்பினாள். திங்கட்கிழமை முதல் வருகிறாள்.

நான் சொன்னது தவறென்றால் உடனே எழுது. உன்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் சரி என்றே எடுத்துக்கொள்வேன்.

திருவேங்கடம்


ஏற்காடு
4-6-1957

அன்புள்ள திருவேங்கடம்,

அவளை அனுப்பிவிடு. இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காதே.

முட்டையில் வளர்ந்தது இன்புளுயன்ஸாதான். ஆனால் நாம் அறிந்த இன்புளுயன்ஸா இல்லை. இந்தக் கிருமியைக் கோழி ரத்தத்தில் விட்டால் ரத்தம் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். முன்பு காய்ச்சல் வந்து தேறியவரின் ரத்தநீரைக் கூடவே விட்டால் ஒட்டாது. அது கிருமியைப் பிடித்துக் கட்டிவிடும். நீ அனுப்பிய மூன்று குழாய்களும் ஜனவரிக் கிருமியை அழகாகக் கட்டின. புதியதை ஒன்றுகூடக் கட்டவில்லை. சின்னப்பொண்ணின் குழாயை நானே இரண்டு முறை செய்து பார்த்தேன். அவள் ரத்தத்துக்கு இது முன்பின் தெரியாத ஆள்.

இந்தக் கிருமி பெருகப் பெருகச் சிறிது சிறிதாக மாறுவது வழக்கம். இந்தத் தடவை அதன் மேல்தோலே வேறாகிவிட்டது. அதனால்தான் ஊர் ஊராக இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. தடுத்து நிறுத்தும் உடம்பு எங்கேயும் இல்லை. ஜனவரியில் தேறியவர்களும் மற்றவர்களும் இப்போது ஒன்றுதான். கர்ப்பிணிகளுக்கு இது ரொம்பக் கடுமையாக இருக்கிறது என்று மதராஸிலிருந்து செய்தி.

யாரையும் நம்பி உள்ளே விடாதே. நீயும் ஜாக்கிரதை.

உன்,
உப்பிலி


மகாபலிபுரம்
16-6-1957

உப்பிலி,

உன் கடிதம் நேற்று, சனிக்கிழமை, வந்தது.

சின்னப்பொண்ணு புதன்கிழமை மத்தியானம் இறந்துவிட்டாள். ஆறு நாள் வேலை செய்தாள். அந்த ஆறு நாளில் பள்ளிக்கூடத்தில் ஒருவர்கூடத் தண்ணீருக்குத் தவிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவலி என்றாள். செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்க ஆரம்பித்தது. பஸ் டிரைவருக்கும் காய்ச்சல் என்பதால் பஸ் வரவில்லை. கட்டைவண்டியில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் புறப்பட்டோம். உதடு நீலம் பாரித்துவிட்டது. திருக்கழுக்குன்றம் தாண்டவில்லை. சின்னையன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். 

உன் கடிதத்தை நேற்று மூன்று முறை படித்தேன். உள்ளே 4-6-57 என்று எழுதியிருக்கிறாய். உறையில் ஏற்காடு தபால் முத்திரை 13 ஜூன்.

நாலாம் தேதி தபாலில் போட்டிருந்தால் வியாழக்கிழமை எனக்குக் கிடைத்திருக்கும். அன்றைக்கு அவள் நன்றாக இருந்தாள். அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ஒன்பது நாள் இந்தக் கடிதம் எங்கே இருந்தது?

திருவேங்கடம்


ஏற்காடு
19-6-1957

அன்புள்ள திருவேங்கடம்,

என் சட்டைப் பையில் இருந்தது.

பொய் எழுத நினைத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். தபாலாபீஸ் மேல் பழி போடலாம், பியூன் மேல் போடலாம். உன்னிடம் முடியவில்லை.

நாலாம் தேதி எழுதி, ஒட்டி, கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அன்று காலையில்தான் எங்கள் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டு, "சர்க்காருக்கு அறிக்கை போய்ச் சேரும்வரை ஒரு சொல் வெளியே போகக்கூடாது. போனால், எழுதியவன் இங்கே இருக்க மாட்டான்" என்று சொல்லியிருந்தார். என் நிரந்தர உத்தரவு அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. நாளைக்குப் போடலாம் என்று பையில் வைத்தேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன். தினமும் சட்டை மாற்றும்போது கடிதத்தையும் மாற்றி வைத்தேன், திருவேங்கடம். அது இருப்பது தெரியாமல் இல்லை. பன்னிரண்டாம் தேதி அறிக்கை போயிற்று. என் உத்தரவும் வந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போட்டேன்.

நீ ஜாக்கிரதையாக இருப்பாய், அவளைத் தள்ளியே வைத்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நிஜமில்லை என்று உன் கடிதத்திலேயே இருந்தது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ரயிலேறிச் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து உன்னிடம் வருகிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது.

உப்பிலி


மகாபலிபுரம்
27-6-1957

உப்பிலி,

வர வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்றே சின்னையனைத் தேடிப் போனேன். கரையில் கட்டுமரத்தைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நீ கடிதத்தை வைத்திருந்ததைச் சொன்னேன். தெரியாத ஒன்றை நான் கையடித்துச் சொன்னதையும் சொன்னேன். இரண்டில் எது பெரியது என்று நான் தராசு பிடிக்கவில்லை. அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவன் கேட்டான்: "அந்த ஜொரம் மூஞ்சி மாத்திக்கினு வந்துச்சுன்றியே, இன்னொரு தபா மாத்திக்கினு வருமா?"

"தெரியல சின்னையா. வரலாம்."

"வந்தா, கடுதாசி வெச்சிருந்த அந்த ஏற்காட்டு ஐயருக்கு மொதல்ல தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பவாச்சும் சொல்வாரா?"

 நாலு வீடு தள்ளி அவன் தங்கச்சி நிறைமாதமாக இருக்கிறாள். அவளை நினைத்துத்தான் கேட்கிறான். பள்ளிக்கூடத்தில் இன்னும் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஜனவரியில் தேறிய மற்ற ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கஞ்சி ஊற்றுவது இப்போது நான் மட்டும்தான்.

அவன் கேட்டதற்கு நீ பதில் எழுத வேண்டும். எனக்கு அல்ல, அவனுக்கு. சின்னையன், மீனவர் குப்பம், மகாபலிபுரம் என்று போட்டால் வந்து சேரும். அவனுக்குப் படிக்கத் தெரியாது. குப்பத்துக்கு வரும் கடிதங்களை எல்லாம் படித்துச் சொல்பவன் நான்தான். உன்னுடையதையும் ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொல்வேன்.

அதில் எனக்கென்று ஒரு வரியும் எழுதாதே.

அ. திருவேங்கடம்
கம்பௌண்டர்