மகாரிம்பாங்கின் அடக்கம்

அன்பு மகள் ரொஹானியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே செபு நகரில் ஒரு சிறு குழப்பம், பதறாதே. எங்கள் மாடியில் குடியிருந்த முத்து வியாபாரி மகாரிம்பாங் நேற்று விடியலில் இறந்துபோனார். நம் முறைப்படி அன்றே அடக்க வேண்டியவரை, வீட்டுக்காரி பெர்மினா தங்கள் வழக்கப்படி ஒன்பது நாள் கிடத்தி ஜெபிக்க எண்ணி, உடல் கெடாமலிருக்க மருந்தேற்றும் கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். அங்கே ஓடினேன். கூடத்து ஊழியன் கையில் ஊசி தயாராக இருந்தது. கன்னியர் பள்ளி ஆசிரியைக் குரலில் அதட்டினேன்.

"நீங்க அவருக்கு என்ன முறை?" என்றான்.

"இந்த ஊர்ல அவருக்கு இருக்கிற ஒரே முறை. ஊசியக் கீழ வை!"

பின்னாலேயே வந்த பெர்மினா அழுதாள். "யாருமில்லாத மனுஷன், நாங்களாவது கூட இருக்கக் கூடாதா?"

"இரு. குழி வரைக்கும் வா."

மாலைக்குள் அடக்கினோம், வந்தாள்.

என்னைப் போர்த்தி அடக்க எனக்கொரு கபன் துணி அனுப்பு. எனக்கு ஏதாவது ஆனால் கூப்பிடச் சொல்லி உன் எண்ணை பெர்மினாவிடம் கொடுத்திருக்கிறேன். கடை திறக்க நேரமாகிவிட்டது. அவள் கூப்பிட்டால் உடனே எடு.

உன் உம்மா