மிட்டாய் நீட்டும் மாமா வேஷம்

டீச்சர்,

இன்று காலை ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்ததும் சீரக மிட்டாய் வாசனை. நீங்கள் வைத்துவிட்டுப் போன பொட்டலம்தான். எறும்புகள் பாதியை முடித்துவிட்டு மீதிக்கு வரிசையில் நின்றன. நம் போதை ஒழிப்பு வகுப்பில் 'போதைப் பொருள்' அதுதான் என்று அவற்றிடம் யாரும் சொல்லவில்லை போல.

அந்த வகுப்பில் மிட்டாயை நீட்டுகிற மாமா வேஷம் எனக்கு. "ஏன் டீச்சர் நான்?" என்று கேட்டேன். "நீங்க தெருவுல வந்தா தாய்மாருக பிள்ளையக் கையப் பிடிச்சு இழுத்துக்கிடுறாகல்ல, அந்த மொகம் வேணும் சார்" என்றீர்கள்.

நமக்கு வந்த கையேட்டில், 'கண்ணைப் பார்த்து, உறுதியான குரலில் வேண்டாம் என்று சொல்லவும்' என்று போட்டிருந்தது. நான் கறுப்புக் கண்ணாடியும் தோளில் துண்டுமாகப் போய், "மாப்ள, சும்மா ஒரு தடவ வாயில போட்டுப் பாரு" என்றதும், எட்டாம் வகுப்பு மொத்தமும் கைநீட்டி வாங்கியது. ஒருவன் "நன்றி ஐயா" என்றான். மாமன் முறைக்காரனிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எந்த வீட்டில் பழக்கியிருக்கிறார்கள்?

கையேட்டை மூடிவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "கல்யாண வீட்டுல வயிறு நெறஞ்ச பெறகும் சோத்து வாளியத் தூக்கிட்டு வாராக. எப்படித் தப்பிப்பீக?"

வகுப்பே எழுந்து நின்றது. இலையை மூடிருவோம். பஸ்ஸு போயிரும்னு எந்திரிச்சிருவோம். அம்மா கூப்பிடுதுன்னு ஓடிருவோம்.

"அம்புட்டுத்தேன். அதையே இவுககிட்டச் சொல்லுங்க."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்குக் கொமட்டுது மாமா, ஒங்க சட்டையிலயே எடுத்துருவேன்" என்றாள். நிஜமாகவே பின்வாங்கினேன்; மேசை இடுப்பில் இடித்தது. அதற்கடுத்த வாரம், கத்தியைக் காட்டி மிரட்டுகிறவனிடமிருந்து விலகி வரும் பாடம். அதற்கும் ரவுடி நான்தான். கத்திக்குப் பதில் மர ஸ்கேல்.

கடைசியாக ஒன்று சொல்வீர்கள். தப்பி வந்தால் மட்டும் போதாது, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். "தமிழ் சார்கிட்டச் சொல்லலாமா டீச்சர்?" என்று ஒரு பயல் கேட்டதும் வகுப்பு குலுங்கிச் சிரித்தது. என்னைத்தான் சொன்னான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறும்போது என்னிடம் சொன்ன ரகசியம், திருச்சுழியில் இறங்குவதற்குள் கண்டக்டர் வாயிலிருந்து எனக்கே திரும்பி வரும். நீங்கள் சிரிக்கவில்லை. பிறகு தனியாகச் சொன்னீர்கள்: "ஒரு பிள்ள சொன்னது வெளிய கசிஞ்சா, அப்புறம் எந்தப் பிள்ளையும் வாயத் தெறக்காது சார். விக்கிறவனுக்கு அது போதும்."

பிள்ளைகள் உங்களிடம்தான் வந்தார்கள். என்ன சொன்னார்கள் என்று எத்தனை காபி வாங்கிக் கொடுத்தும் உங்களிடமிருந்து கறக்க முடியவில்லை.

அப்புறம் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. வகுப்பு என் தலையில் விழுந்தது. வேஷமெல்லாம் நன்றாகவே நடந்தது. 'ஒருவரிடம் சொல்ல வேண்டும்' என்ற இடம் வந்ததும் பிள்ளைகள் உங்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். மழைக்காலம் முழுக்க என்னிடம் யாரும் வரவில்லை. இந்தப் பக்கம் யாரும் யாருக்கும் எதையும் நீட்டவில்லை என்று நம்ப ஆசைதான். பெட்டிக்கடைக்குப் பின்னால் கிடக்கும் காலிப் போதைப் பொட்டலங்கள் நம்பவிடவில்லை.

போன மாதம் ஒரு பிள்ளை வந்து நின்றது. "சார், நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிருவீகளாம்ல?"

வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வேடிக்கை எதுவும் வரவில்லை. "ஒன்னயப் பத்திரமா வைக்கணும்னா ஒரே ஒருத்தர்கிட்டச் சொல்ல வேண்டியிருக்கும். அவுக யாருன்னு மொதல்ல ஒனக்குச் சொல்லிட்டுத்தேன் சொல்லுவேன்" என்றேன். அது வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. அப்புறம் சொன்னது.

அன்று மாலை பஸ்ஸில் கண்டக்டர், "என்ன சார், அருப்புக்கோட்டையே வந்துருச்சு, ஒரு சேதியும் காணோம். ஒடம்பு சரியில்லையா?" என்றார். ஜன்னலுக்கு வெளியே கருவேலமரங்களை முதல்முறை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது. செய்ய வேண்டியதை அவர் செய்தார். நேற்று அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, "இவுககிட்டச் சொல்லலாம்" என்று விட்டுவிட்டுப் போனது.

யார், என்ன என்று தெரிந்துகொள்ள உங்களுக்கும் ஆசையிருக்கும். கோவித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். உங்களிடமும் சொல்வதற்கில்லை.