ஜோடிப் பாட்டு

சென்னை,
10.1.2025

அன்புள்ள இந்துஜாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். டி.வி. பாட்டுப் போட்டிக்கு வந்தவர்களின் போனையெல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கடிதத்துக்குத் தடையில்லையாம். அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

"திருவிழா சீசன்ல விட்டுட்டுப் போறியே, நம்ம கானமேளாக் கச்சேரியில உனக்க பாட்டை யாரு பாடுவா?" என்று பஸ் ஏறும்போது கேட்டாய். டாட்டா காட்டிவிட்டு வந்துவிட்டேன். ஜெயித்தால் சினிமாவில் பாடலாம், அந்த ஆசைதான். ஏட்டி, கோபப்படாதே. இங்கே குழம்பில் தேங்காயே கிடையாது, அந்தத் தண்டனை போதும்.

உன் நண்பன்,
சிவபிரசாத்

பத்மநாபபுரம்,
18.1.2025

ஏலே பிரசாத்,

கோபம்தான். சீசனில் சும்மா இருக்கிற பாட்டுக்காரன் எவன் அகப்படுவான்? "ஆம்பளைக் குரல் இல்லாம என்ன கானமேளா?" என்று இரண்டு கோயில்காரர்கள் நம்மை வேண்டாம் என்றுவிட்டார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மிச்சமிருந்தது களியக்காவிளைத் திருவிழா. நேற்று அங்கே மேடையேறினால் ஜோடிப் பாட்டு கேட்டுச் சீட்டு மேல் சீட்டு. வேறு வழியில்லாமல் குரலை இறக்கி உன் வரிகளையும் நானே பாடினேன். கீபோர்டு ஜெரிஷுக்குச் சிரிப்பு தாங்காமல் கட்டை மாறிப்போனது. ஒரு வழியாகப் பாடி முடித்தேன். பிறகு ஒரே விசில்! ஒன்ஸ்மோர் கேட்டு என்னை இறங்கவே விடவில்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

நீயும் நன்றாகப் பாடு. தோற்றுவிட்டு வந்தால் கொன்றுபோடுவேன்.

இந்துஜா

சென்னை,
27.1.2025

அன்புள்ள இந்துஜாவுக்கு,

சொன்னபடி என்னைக் கொல்லலாம். தோற்றுவிட்டேன்.

நம் மேடையில் எப்போதும் எடுபடுகிற ஜோடிப் பாட்டையே முதல் சுற்றுக்கு எடுத்தேன். இரண்டு குரலையும் நானே பாட வேண்டும் என்பது ஏற்பாடு. என் வரிகள் அருமையாக வந்தன. பெண் குரல் வரி வந்ததும் வழக்கம்போல மைக்கை இறக்கி, இடது பக்கம் திரும்பி, நீ பாடுவாய் என்று சிரித்துக்கொண்டே நின்றேன். தாளம் அதுபாட்டுக்குப் போகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. நடுவர்கள் மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள். கதை முடிந்தது.

தோற்றவர்களும் கடைசிவரை உட்கார்ந்து கைதட்ட வேண்டுமாம், தட்டிக்கொண்டிருக்கிறேன். வருத்தம் அதிகமில்லை, நம்பு. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. இப்போது இரண்டு குரலும் உன்னிடமே இருக்கின்றன. குழுவில் எனக்கு இன்னும் இடம் உண்டா? உள்ளதை எழுது.

பிரசாத்

பத்மநாபபுரம்,
3.2.2025

அன்புள்ள பிரசாத்துக்கு,

உன் கடிதத்தை ரிகர்சலில் உரக்க வாசித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்தான் பாதியில் நிறுத்தி, நீ மைக்கை இறக்கிய இடத்தை மட்டும் மறுபடி வாசித்தேன். அத்தனை பெரிய மேடையிலும் என் வரியை எனக்காக விட்டுவைத்தாயே மக்கா!

இடம் உண்டா என்று கேட்க வெட்கமாக இல்லையா? ஆனால் ஒரு சிக்கல். வேண்டாம் என்ற கோயில்காரர்கள் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஆம்பளைக் குரலில் பாடுகிற பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். உன் வரிகள் இனி எனக்கு, அதில் மாற்றமில்லை. கோயில் கமிட்டிச் செயலாளர் கிருஷ்ணமணி அண்ணனோடு மல்லுக்கட்டி உன் பெயரையும் நோட்டீஸில் போட வைத்தேன். அடித்து ஊரெல்லாம் ஒட்டியும் ஆயிற்று. பஸ்ஸிலேயே பாடிப் பழகிக்கொண்டு வா. நோட்டீஸில் இருப்பது இதுதான்:

ஆண் குரல்: இந்துஜா
பெண் குரல்: சிவபிரசாத்